மருந்து யார் கையில்?

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் பூலித்தேவர் பெயரால் வழங்கும் அறை ஒன்று உண்டு. கைதியாகக் கொண்டுபோகும் வழியில் சாமி கும்பிட உத்தரவு கேட்டு உள்ளே போனவர் அங்கேயே மறைந்துவிட்டார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நெற்கட்டும்செவல் நினைவு மாளிகையிலும், செப்டம்பர் 1 பிறந்தநாள் சுவரொட்டிகளிலும் அவர் வாளும் கையுமாகத்தான் நிற்கிறார். வாளை வரைவது எளிது, வைத்துக் கும்பிடவும் முடியும். எரிந்து புகையாகப் போகிற மருந்தை எந்த ஓவியரும் வரைவதில்லை. ஆனால் பாளையக்காரர் காலத்துச் சண்டைகள் துப்பாக்கிச் சண்டைகளாகவும் இருந்தன. துப்பாக்கிச் சண்டையில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை குழல் இருந்தது என்பதைவிட, மருந்து எங்கிருந்து வந்தது, அதை எது பற்றவைத்தது, குண்டுக்கு ஈயம் யார் கொடுத்தார் என்பவைதாம். அமெரிக்காவில் இன்று லட்சக்கணக்கானோர் தம் வீட்டுக் கொட்டகையில் மேசை போட்டு இந்த மூன்றையும் விலைக்கு வாங்கி, தாமே தெரிவு செய்து, ரைபிள் தோட்டா நிரப்பிக்கொள்கிறார்கள். நம் ஊரில் அப்படிச் செய்தால் சிறை. இந்த வேறுபாடு எப்படி வந்தது, அது நியாயமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குழல் மூன்று தலைமுறைக்கு உழைக்கும், தோட்டா ஒரு தடவைக்குத்தான். ஆகவே துப்பாக்கியின் அதிகாரம் தீர்ந்துபோகிற பொருளில்தான் இருக்கிறது. அந்தப் பொருளைத் தெரிவு செய்யும் உரிமை 200 ஆண்டுகளில் பாளையத்திலிருந்து அரசின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத் திரும்ப வீட்டுக்கு விடச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் கையில் எடுத்துக்கொண்ட அரசு அதற்கு ஈடாகச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

பாளையக்காரர்களின் துப்பாக்கி பெரும்பாலும் திரித்துப்பாக்கி. மெதுவாகக் கனலும் கயிற்றுத் திரிதான் அதைப் பற்றவைத்தது. திரிக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, எந்தக் கிராமத்திலும் முறுக்கிக்கொள்ளலாம். கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்புவது. மழையிலும் காற்றிலும் திரியைவிட நம்பகமானது, ஆனால் கல்லும் பொறியமைப்பும் வெளியிலிருந்து வர வேண்டும். மருந்தின் கதை இன்னும் சிக்கலானது. வெடியுப்பைத் தமிழ்நாட்டு உப்பிலியர்கள் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்தார்கள். கரி எங்கும் கிடைத்தது. கந்தகம் மட்டும் இந்தப் பக்கத்து மண்ணில் கிடையாது, அது கடல்வழி வந்தாக வேண்டும். ஈயமும் அப்படியே. ஆகப் பாளையக்காரர் மருந்தில் தன்னிறைவு பெற்றிருந்தார் என்று பெருமையாகச் சொல்வது பாதி உண்மைதான். பற்றவைப்பதில் அவர் முழுச் சுதந்திரர், மருந்தில் முக்கால், குண்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எந்தத் துறைமுகம் யார் கையில் என்பது ஒரு பாளையத்தின் போர்வலிமையைத் தீர்மானித்ததற்கு இதுவே காரணம்.

இதற்கு வலுவான சாட்சி 1783இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, உள்ளே டச்சுக்காரர்களின் பீரங்கிகளும் மருந்தும் குண்டும் இருந்தன. கூடவே கொழும்பு டச்சு அரசுக்கும் கட்டபொம்மு பாளையத்துக்கும் இடையிலான உடன்படிக்கையும் அகப்பட்டது. தூத்துக்குடி வெகுகாலம் டச்சுக்காரர் செல்வாக்கில் இருந்த கரை. கரையோடு உறவு இருந்ததால் மருந்து இருந்தது, மருந்து இருந்ததால் பாளையம் எதிர்த்து நின்றது. அதே படை அடுத்து நேரே வந்தது நம் பக்கத்துச் சிவகிரிக்கு, மலையடிக் காட்டரணை நோக்கி. ஃபுல்லர்ட்டன் 1787இல் அச்சிட்ட நூலைப் படிப்பவர் பாளையக்காரரின் துணிச்சலைப் பற்றிய அவர் வியப்போடு இந்தச் சரக்குக் கணக்கையும் கவனிக்க வேண்டும். வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பாளையங்கள் தோற்றது மருந்துக் குறையால் அல்ல, பீரங்கிக் குறையால் அல்லது ஒற்றுமைக் குறையால், காட்டிக்கொடுத்ததால் என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒற்றுமைக் குறையை நான் மறுக்கவில்லை. பீரங்கி வாதம்தான் எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் பீரங்கி வைத்திருந்தவர்களும் இங்கே மருந்தில்லாமல் தோற்றிருக்கிறார்கள். பீரங்கி இல்லாமல் திரும்பியவரும் உண்டு என்பது உண்மைதான். 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்து கப்பம் கேட்டபோது, கோட்டையைத் தகர்க்கும் பீரங்கி அவரிடம் இல்லை என்பது பூலித்தேவருக்குத் தெரிந்திருந்தது. பணம் கிடைக்காமலேயே படை திரும்பியது. ஆனால் 1759 இறுதியில் கும்பினித் தளபதி யூசுப் கான் வாசுதேவநல்லூரை வளைத்தார். பெரிய பீரங்கி போதவில்லை, மருந்தும் குண்டும் கரைந்தன, கடைசியில் நடத்திய நேரடித் தாக்குதலும் தோற்றது. அந்த மண்கோட்டைச் சுவர் கல்லைப் போல உடைந்து சிதறாமல் குண்டைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே ஒரு சுவரை விழவைக்கக் கல்கோட்டைக்கு ஆவதைவிடக் கூடுதல் மருந்து செலவாகும். மண் மலிவு, மருந்து விலை அதிகம். அந்தக் கணக்கில் பூலித்தேவர் ஜெயித்தார். 1761இல் அதே யூசுப் கான் மீண்டும் வந்து நெற்கட்டும்செவலைப் பிடித்ததும், நேற்றைவிட வீரம் கூடியதால் அல்ல. இந்தத் தடவை சரக்கு வந்துகொண்டே இருந்தது. சிவகங்கையில் வழங்கும் குயிலி மரபும் இதையே சொல்கிறது. அந்த வீரப்பெண் எதிரியின் தளபதியைத் தேடிப் போகவில்லை, ஆயுதக் கிடங்கைத்தான் தேடிப் போனாள். ஆவணம் தேடும் ஆய்வாளர் அந்தக் கதையின் ஒவ்வொரு விவரத்தையும் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். நாட்டார் நினைவு குறிவைத்த இடம் சரியான இடம் என்பதை யாரும் மறுக்க முடியாது.

கும்பினி இந்தப் பாடத்தை நன்றாகவே படித்தது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் மேஜர் பானர்மேன் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையைச் சில நாட்களிலேயே எழுப்பிவிட்டார். மார்ச் 31 தாக்குதலில் கும்பினிப் படை தோற்றது. மே 24இல்தான் கோட்டை விழுந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய இரண்டு மாதம், பெரிய பீரங்கிகளும் கூடுதல் படையும் வந்து சேருவதற்காகக் காத்திருந்த காலம். கோட்டையை இடித்தால் திரும்பக் கட்டிவிடுகிறார்கள், குழலைப் பிடுங்கினால் மண்ணில் புதைத்ததைத் தோண்டி எடுக்கிறார்கள். அந்த அனுபவத்தின் விளைவுதான் 1801 டிசம்பர் 1ஆம் தேதி ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம். துப்பாக்கி, ஈட்டி, வல்லயம் அனைத்தையும் தடை செய்தது மட்டுமின்றி, பாளையக்காரர் படை வைத்திருக்கும் முறையையே அது ஒழித்தது. படை போனால் மருந்து காய்ச்சுபவனுக்கும் குண்டு வார்ப்பவனுக்கும் வாங்க ஆளில்லை. ஒரு தொழில் இப்படித்தான் சாகும். ஆயுதம் செய்யக்கூடாது என்ற விதியைவிட, அதற்குக் கூலி கொடுக்க யாருமில்லை என்ற நிலைமைதான் கொல்லனின் பட்டறையிலிருந்து துப்பாக்கியை வெளியேற்றியது என்பது என் எண்ணம்.

அடுத்த அடி இங்கிலாந்தின் சோதனைச்சாலைகளிலிருந்து வந்தது, அப்போது யாரும் அதை அரசியலாகப் பார்க்கவில்லை. 1800இல் எட்வர்ட் ஹோவர்ட் என்பவர், அடித்தால் வெடிக்கும் பாதரச உப்பொன்றை விவரித்தார். 1807இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அப்படிப்பட்ட பொருளால் துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு சில ஆண்டுகளிலேயே செப்புக் கிண்ணம் போன்ற சிறு கேப் வந்துவிட்டது. தீபாவளிக்குப் பிள்ளைகள் விளையாட்டுத் துப்பாக்கியில் சுருட்டி வைக்கும் சிவகாசிக் கேப்பும் அடித்தால் வெடிக்கும் அதே கொள்கையின் கடைசிப் பேரப்பிள்ளைதான். திரியும் கல்லும் போய்க் கேப் வந்தபோது ஒன்று தலைகீழாயிற்று. அதுவரை துப்பாக்கியில் கிராமத்தான் முழுச் சுதந்திரம் வைத்திருந்த ஒரே பகுதி பற்றவைப்பது. இப்போது அதுவே அவன் ஒருநாளும் செய்ய முடியாத பகுதி ஆகிவிட்டது. மருந்தை ஒருவன் முரட்டுத்தனமாகவாவது கலந்துவிடலாம், ஈயத்தை உருக்கி வார்த்துவிடலாம். கேப்புக்குள் இருக்கும் பொட்டளவுக் கலவையை உருவாக்க முயல்பவன் முதலில் தன் விரல்களை இழப்பான். இன்றுவரை, எந்த நாட்டிலும், தோட்டா நிரப்புகிறவர்கள் கேப்பை வாங்கத்தான் செய்கிறார்கள். 2020க்குப் பிறகு ஓரிரு ஆண்டுகள் அமெரிக்காவில் கேப்புக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. அலமாரி நிறைய மருந்தும் குண்டும் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். கையில் இருந்தது பிரௌனிங் பிஸ்டல். பயிற்சியும் ஆயுதமும் புதுச்சேரி வழியாக, பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த மண் வழியாக வந்தவை. அந்தத் தோட்டா முழுவதும் தொழிற்சாலைப் பொருள். பாஞ்சாலங்குறிச்சி விழுந்து 110 ஆண்டுகள் கழித்து, அதே திருநெல்வேலிச் சீமையில் ஒரு கலகக்காரன் தன் துப்பாக்கிக்கான ஒரு தோட்டாவைக்கூட இந்த மண்ணில் செய்துகொள்ள முடியாத நிலை. அதற்குள் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் வந்திருந்தன. ஆனால் சட்டத்தைவிடத் தொழில்நுட்பம்தான் அதிகம் தடுத்தது என்று சொல்வேன். கட்டபொம்மு பாளையத்துக்குத் தூத்துக்குடி, வாஞ்சிக்குப் புதுச்சேரி. கடற்கரை மாறியதே தவிர, சார்பு மாறவில்லை, ஆழமாகியிருந்தது.

எவ்வளவு ஆழமானது என்பதை நம் போலீஸ் வெகுகாலம் தோளில் சுமந்த .303 ரைபிளின் வரலாறு காட்டும். மருந்து, கேப், குண்டு மூன்றையும் தனித்தனியாகத் தெரிவு செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். 1888இல் அந்தத் தோட்டா வந்தபோது அதற்குள் அழுத்திய கரிமருந்துதான் இருந்தது. சில ஆண்டுகளில் புகையில்லாத கார்டைட் அந்த இடத்துக்கு வந்தது. ஆபெல், தேவார் என்ற இரு வேதியியலாளர்கள் 1889இல் உருவாக்கிய மருந்து அது. மருந்து மாறியதும் குழல் தாங்கவில்லை. மெட்ஃபோர்ட் வடிவத்து ஆழமில்லாத உட்கோடுகளைக் கார்டைட்டின் வெப்பம் அரித்துத் தின்றது. 1895இல் ஆழமான என்ஃபீல்ட் கோடுகளுக்கு மாற வேண்டியதாயிற்று. பிறகு குண்டு மாறியது. 215 கிரெயின் எடையுள்ள மழுங்கல் முனைக் குண்டின் இடத்தில் 1910இல் 174 கிரெயின் எடையுள்ள கூர்முனைக் குண்டு வந்தது. குண்டு வேகமாகவும் தட்டையாகவும் பறந்ததால், ரைபிளின் தூரக்குறி அளவுகளையே திருத்த வேண்டியிருந்தது. ஒரு பகுதியை மாற்றினால் மற்றதெல்லாம் மாறியாக வேண்டும் என்பதை உலகின் மிகப் பெரிய பேரரசின் ஆயுதத் துறையே பணமும் காலமும் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டது. இன்னொரு விவரம் இன்னும் சுவையானது. கார்டைட் குச்சிகளைப் பித்தளைக் கூட்டின் வாய் விரிவாக இருக்கும்போதே உள்ளே வைத்து, அதன் பிறகே கழுத்தைக் குறுக்குவார்கள். சுட்ட கூட்டில் வீட்டில் உட்கார்ந்து அதே மருந்தை நிரப்புவது நடக்காத காரியம்.

கேப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1860களில் இரண்டு வடிவங்கள் பிறந்தன. பிரிட்டிஷ் அதிகாரி பாக்சர் உருவாக்கியதில், கூட்டின் அடியில் நடுவில் ஒரே துளை. பழைய கேப்பை ஊசியால் தட்டி வெளியேற்றிப் புதியதைப் பொருத்துவது சுலபம். அமெரிக்கரான பெர்டன் உருவாக்கியதில் பக்கவாட்டில் சிறு துளைகள், கேப்பை வெளியே எடுப்பதே தலைவலி. கடைசியில் பிரிட்டிஷ்காரரின் வடிவம் அமெரிக்காவுக்குப் போய், அங்கே வீட்டுத் தோட்டாக் கலாச்சாரம் வளர வழிசெய்தது. அமெரிக்கரின் வடிவம் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்து, அதன் வழியாக .303 தோட்டாவோடு நமக்கும் வந்து சேர்ந்தது. பழைய ராணுவக் கேப்புகளில் இருந்த உப்பு குழலுக்குள் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கச் செய்யும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாத ரைபிள் வீண். குண்டிலும் நம் நாட்டுப் பெயர் ஒன்று உலகெங்கும் கெட்டபெயராக ஒட்டிக்கொண்டது. கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் கேப்டன் பெர்ட்டி-கிளே செய்த முனை திறந்த குண்டு, உடம்புக்குள் போனதும் விரிந்து கிழிக்கும். 1899 ஹேக் மாநாடு அப்படிப்பட்டதைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. குண்டின் நுனியில் செய்யும் சிறு மாற்றம் ஒரு சர்வதேசப் பிரகடனத்தையே வரவழைக்கும் என்றால், அந்தத் தெரிவைத் தனியார் வீட்டு மேசையில் விட அரசுகள் தயங்குவதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் மருந்து போய்ச் சேர்ந்த இடம் நீலகிரி. 1904இல் அருவங்காட்டில் கார்டைட் ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்கு மின்சாரம் எடுக்கவே காட்டேரி அருவியில் மின்நிலையம் கட்டினார்கள். உப்பிலியர் உவர்மண்ணைக் காய்ச்சிய பாத்திரத்திலிருந்து அருவங்காட்டு ஆலை வரைக்கும் போன பாதையில், மருந்து கிராமத்திலிருந்து மட்டுமல்ல, கிராமத்தான் புரிந்துகொள்ளக்கூடிய அறிவின் எல்லையிலிருந்தும் வெளியேறிவிட்டது. 2021 அக்டோபர் 1இல் 41 ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. 2024 பிப்ரவரியில் கான்பூரில் அதானி குழுமத்தின் தோட்டாத் தொழிற்சாலையும் திறந்தாயிற்று. அரசின் பிடி தளர்கிறது என்றால் அது பெருமுதலாளியை நோக்கித் தளர்கிறது, கொட்டகையை நோக்கி அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு வெடிமருந்துத் தளவாடத்துக்குத் தரும் வரையறை மிக அகலமானது. முழுத் தோட்டா மட்டுமல்ல, துப்பாக்கிக்கான மருந்தளவு, தோட்டாவின் பாகங்கள், தோட்டா தயாரிக்கும் எந்திரம், மத்திய அரசு அறிவிக்கும் மூலப்பொருள்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஐந்தாம் பிரிவின்படி உற்பத்திக்குத் தனி உரிமம் வேண்டும். ரைபிள் வைத்திருக்கும் உரிமம் தோட்டா நிரப்பும் உரிமம் ஆகாது. உரிமமில்லாத உற்பத்திக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். அமெரிக்கக் கடையில் விளையாட்டுச் சாமானோடு விற்கும் நிரப்பு எந்திரம் இங்கே வந்தால் அதுவே குற்றப்பொருள். குழலோடு நிற்காமல், தீர்ந்துபோகிற பொருளையும் அதைச் செய்யும் கருவியையும் இறுகப் பிடிக்கும் சட்டம் இது. 1801இல் முரட்டுத்தனமாகத் தொடங்கியதைச் சட்ட மொழியில் துல்லியமாக்கியிருக்கிறார்கள்.

இதையே காரணமாகச் சொல்லி, காலனியச் சட்டத்தின் எச்சத்தை ஏன் ஆதரிக்க வேண்டும் என்று கேட்பவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1878 சட்டத்தைக் காந்தியே கடுமையாகக் கண்டித்தவர். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகவே எழுதியது. ஆனால் அந்தக் கோபத்தின் வேர் எது? ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து, இந்தியனை மட்டும் நிராயுதபாணி ஆக்கிய பாகுபாடு. மருந்துக்குக் கட்டுப்பாடு இருந்ததல்ல அவமானம், அது தோலின் நிறம் பார்த்துப் போட்ட கட்டுப்பாடாக இருந்ததே. கராச்சித் தீர்மானமும் விதிமுறை என்ற சொல்லை விடாமல்தான் எழுதியது. அரசியல் சாசனத்தில் அந்த உரிமை இடம்பெறவும் இல்லை.

அமெரிக்க உதாரணம் அடுத்தது. அங்கே இத்தனை பேர் செய்கிறார்களே, எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்கலாம். கவனமாகச் செய்பவர்கள் பாதுகாப்பாகவே செய்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாதுகாப்பு தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் வந்ததில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் போன்றவர்கள் வாங்கிச் சில்லறையாக விற்றார்கள். 1949இல் ஹார்னடி குண்டுகள் வந்தன. வீட்டுப் பொழுதுபோக்கின் அடித்தளமே அரசு கழித்துவிட்ட சரக்குதான், அரசுக்கு எதிராக முளைத்த சுதந்திரம் அல்ல. அதன் மேல் எழுந்தது ஒரு பெரிய ஏற்பாடு. ஒவ்வொரு தொகுதி மருந்தும் முந்தியதைப் போலவே எரியும்படி சீராக்குவது, எந்தக் குண்டுக்கு எந்த மருந்தில் எவ்வளவு அழுத்தம் என்பதைச் சோதனைச்சாலையில் அளந்து அட்டவணையாக அச்சிடுவது, தவறினால் வழக்குப் போடும் வாய்ப்பு. ரைபிள் தோட்டா எழுப்பும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நாலாயிரம் மடங்கு வரை போகும். எரியும் வேகத்தில் சிறு வேறுபாடும் குழலைப் பிளக்கும், அடைப்பு உடைந்தால் அது முகத்துக்கு நேராகத்தான் வரும். நம் சந்தையில் அப்படிச் சீராக்கிய சில்லறை மருந்தும் இல்லை, அட்டவணையும் இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைத்த மருந்து, குளிர்நாட்டு அட்டவணை சொல்லும் அழுத்தத்தோடு நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது, வெப்பம் கூடினால் அழுத்தமும் கூடும். பிரிட்டனில் சொந்தமாக நிரப்ப அனுமதி உண்டு. ஆனால் 2006ஆம் ஆண்டுச் சட்டம், உரிமச் சான்று காட்டாதவருக்குக் கேப் விற்கக் கூடாது என்று வைத்துவிட்டது. மூன்றில் எதைப் பிடித்தால் மற்ற இரண்டும் அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சிவகாசியைச் சுட்டிக்காட்டி, மருந்தோடு பழகிய கைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கைகளின் கெட்டித்தனத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெடிபொருள் துறையின் உரிமம், அறைகளுக்கிடையே இடைவெளி, ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்ற கணக்கு இவ்வளவும் இருக்க வேண்டிய அந்தத் தொழிலிலேயே 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஆண்டு தவறாமல் சிறு விபத்துகள் நடக்கின்றன. விதிகள் இருக்கும் இடத்தில் இது கதி என்றால், விதியே இல்லாத வீட்டறையில் என்ன ஆகும்? தவிர, பட்டாசு மருந்து ஒளியும் ஓசையும் தருவதற்காகக் கலப்பது. ரைபிள் மருந்து கட்டுப்பட்டு, படிப்படியாக எரியச் செய்வது. முன்னதில் தேர்ந்தவர் பின்னதிலும் தேர்ந்தவர் என்று நினைப்பதுதான் மிக ஆபத்தான நினைப்பு. மலையடிவாரத்தில் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் யானையின் தாடையைப் பிளந்துபோட்ட கதைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கமும் உண்டு. கட்டுப்பாடில்லாத மருந்து யாரைத் தேடிப் போகும் என்பது அதை வைத்தவனுக்கே தெரியாது.

உண்மையில் கனமான வாதம் விளையாட்டு வீரர்களுடையது. வெளிநாட்டுப் போட்டியாளர் தன் குழலுக்கேற்ற தோட்டாவைத் தானே நுட்பமாக நிரப்பும்போது நம் வீரர் ஆலைத் தோட்டாவோடு மல்லுக்கட்ட வேண்டுமா? கேள்வி நியாயம்தான். ஆனால் ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளைப் பார்த்தால் அது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கமும், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங்கின் வெண்கலமும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வந்தவை. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதுதான். அதில் மருந்தே இல்லை. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் பெற்ற 50 மீட்டர் போட்டியில் சுடுவது .22 தோட்டா. அதில் பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும், ஒருமுறை சுட்டால் திரும்ப நிரப்ப வழியில்லை. அங்கே வீரர்கள் செய்வது பல தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப்பார்த்துத் தம் குழலுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பது. பெரிய ரைபிள்களின் 300 மீட்டர் போட்டி 1972க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. ஆகவே மீதமிருப்பது நீண்டதூரப் போட்டிகளில் ஈடுபடும் சிறு வட்டம். அவர்களுக்கு வழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழி வீட்டில் இருக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம். உரிமம் பெற்ற ரைபிள் கிளப்பின் கட்டடத்துக்குள், கேப்புக்கும் மருந்துக்கும் பதிவேடு வைத்து, பயிற்சி பெற்ற ஒருவர் மேற்பார்வையில் நிரப்பும் அறையை அனுமதிக்கலாம். 1951இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கம் அதைக் கேட்டு வாதாட வேண்டும்.

மற்ற உரிமதாரர்களின் நிலைமை வேறு. மானாவாரிக் காட்டிலும் மலையோரத் தோட்டத்திலும் பயிர்க் காவலுக்காகவோ பரம்பரையாகவோ உரிமம் வைத்திருப்பவருக்கு .303 கிடைக்காது, அது தடைசெய்த அளவு. அதனால் அரசுத் தொழிற்சாலையே குடிமக்களுக்கென்று .315 ரைபிளைச் செய்து விற்கிறது. ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்பதையும் அரசே எழுதிக் கொடுக்கிறது. மருந்து, கேப், குண்டு மூன்றையும் தெரிவு செய்யும் உரிமையை முழுமையாக எடுத்துக்கொண்ட உற்பத்தியாளருக்கு, வாங்குபவனிடம் சில கடமைகள் உண்டு. எந்தத் தொகுதி எந்த ஆண்டுச் சரக்கு, எத்தனை வெப்பநிலையில் சோதித்தது, எவ்வளவு அழுத்தம் என்பதைப் பெட்டியிலேயே அச்சிடலாம். வெடிக்காமல் தோற்ற தோட்டாவை மாற்றித்தர மாவட்டத்தில் ஓர் இடம் வைக்கலாம். பழைய கரிமருந்துத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பவர் எங்கே சட்டப்படி மருந்தும் கேப்பும் வாங்க முடியும் என்பதை உரிமத்தோடே எழுதிக் கொடுக்கலாம். அந்த விலாசம் இல்லாதபோதுதான் அவர் பட்டாசு வேலை தெரிந்த பக்கத்து ஊர்க்காரரைத் தேடிப் போகிறார். அதற்கு அடுத்த படி காவல் நிலையம், அல்லது அரசு மருத்துவமனை.